சேற்று எரிமலையில் செக்ரட்டரி

எங்கள் லிஃப்டில் நான்கு பேர் நிற்கலாம்
என்று எழுதியிருக்கிறது.
இரண்டு பேருக்கே போதாது,
அதில் ஒருவர் வேதகிரி என்றால்.

பெரம்பூரில், பேப்பர் மில்ஸ் ரோட்டுக்குப் பின்னால்
ஒன்பது வருடம்.
அவர் மூன்றாம் மாடி, நான் இரண்டு.
பேசிக்கொண்டதெல்லாம் மோட்டாரைப் பற்றி.
யார் போட்டது, யார் அணைக்கவில்லை,
தொட்டி வழிந்து யார் வீட்டுச் சுவர் ஊறியது.
நோட்டீஸ் போர்டில் அவர் கையெழுத்து
தாளின் மறுபக்கம் வரை அழுந்தியிருக்கும்.
முடிவு எப்போதும் ஒன்றுதான்:
'மீறினால் இணைப்பு துண்டிக்கப்படும்.'

போன மாசியில் எல்.டி.சி. போட்டு அந்தமான் போனோம்,
ஆபீஸ் பெண்கள் ஆறு பேர்.
விடியுமுன் எழுப்பி,
காட்டுவழியில் வண்டிகளை வரிசையாக விட்டு,
கண்ணாடியை ஏற்று, படம் எடுக்காதே என்று மிரட்டி,
படகில் கடத்தி, ஜீப்பில் குலுக்கி,
கடைசியில் ஒரு மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.
மர வேலி. உள்ளே சாம்பல் நிறச் சேறு.
'இதுதான் எரிமலை' என்றான் டிரைவர்.

சுகந்தி சிரித்துவிட்டாள்.
'எங்க தெருவுல மெட்ரோ வாட்டர்காரன் தோண்டினது
இதைவிடப் பெரிசு.'

நெருப்பில்லை. புகையில்லை.
எப்போதாவது ஒரு கொப்புளம் எழும்பும்,
யோசிக்கும்,
ப்ளக்.
அவ்வளவுதான்.
எல்லோரும் இளநீருக்கு இறங்கிவிட்டார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் மட்டும்
குந்தி உட்கார்ந்து
அடுத்த கொப்புளத்துக்குக் காத்திருந்தார்.
கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை.
எனக்குத் தெரியும் அந்தச் சட்டையை.
மூன்றாம் மாடிக் கொடியிலிருந்து
என் கற்றாழைத் தொட்டியில் சொட்டுகிற சட்டை.

திருட்டுக் குழாய் போட்டு மாட்டியவர் மாதிரி எழுந்தார்.
'நீங்க... செகண்ட் ஃப்ளோர்.'
'நீங்க தேர்டு.'
அத்தனை கடலைத் தாண்டி வந்து
மாடி எண்ணைச் சொல்லிக்கொண்டோம்.

'வீட்ல திருப்பதின்னு சொல்லியிருக்கேன்.'
நான் கேட்கவே இல்லை.
தலையைத் தடவிக்கொண்டார்.
முடி முழுசாக இருந்தது.

'என்ன விசேஷம் இங்க?'
'சும்மாதான்.'
ஒரு கொப்புளம் உடைந்தது.
'ஒரே ஒரு தரம், யாருக்கும் பதில் சொல்லாம...'
இன்னொன்று உடைந்தது.
வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

தொடாதீர்கள் என்று பலகை இருந்தது,
அவரே எழுதி மாட்டியது போல.
அதன் கீழே கையை விட்டு
ஒரு விரலால் தொட்டார்.
'சில்லுனு இருக்குங்க' என்றார்,
யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட குரலில்.
நானும் தொட்டேன்.
அடுப்பே இல்லாமல் இரவெல்லாம் பொங்குகிற
இட்லி மாவுதான்.
விரலைத் துடைக்க
அவர் கைக்குட்டையை நீட்டினார்.
இஸ்திரி மடிப்பு கலையாதது.

சனிக்கிழமை மாலை பெரம்பூரில் அழைப்பு மணி.
வேதகிரி. கையில் செய்தித்தாளில் சுற்றிய பாதி லட்டு.
மாடிப்படியிலிருந்து கோமளா குரல் கொடுத்தாள்:
'திருப்பதிப் பிரசாதம். கியூல பன்னிரண்டு மணி நேரமாம்!'
கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.
'வெங்கட்நாராயணா ரோடு' என்றார்
உதடு அசையாமல்.

'தரிசனம் நல்லபடியா ஆச்சா சார்?'
உரக்கத்தான் கேட்டேன்.
'நல்ல தரிசனம்' என்றார். 'கூட்டமே இல்ல.'
செருப்பின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு
காய்ந்து வெடித்திருந்தது.

மறுவாரமே தொட்டி வழிந்தது.
புது நோட்டீஸ் வந்தது.
என் வீட்டு எண் அதில் இருந்தது.
தப்பு என்னுடையதுதான்.

நேற்று லிஃப்டில் நான், அவர், நான்காம் மாடி டாக்டர்.
மூவரும் மாறும் எண்ணையே பார்த்திருந்தோம்.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே,
வாயை மூடியபடி,
வேதகிரி மெல்ல
ப்ளக் என்றார்.

'என்ன சத்தம்?' டாக்டர் திரும்பினார்.
'ஆயில் போடணும் சார்' என்றார் செக்ரட்டரி.
'நோட்டீஸ் போடறேன்.'